புது செயின் போட்டதும் மிதிக்கும்போது தாவுகிறது: கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

#1 ஞாயிறுமிதி | சனி இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 8 கியர் ஹைப்ரிட் சைக்கிள். முன்னால் 48/38/28 பல், பின்னால் 11 முதல் 32 பல்வரை. வாங்கி மூன்று வருடம் ஆகிறது, மீட்டரில் 7,200 கி.மீ. தாம்பரத்திலிருந்து தரமணி ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவான்மியூர் தாண்டி ஈசிஆர் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை. இவ்வளவுதான் என் ஓட்டம்.

இதுவரை செயின் மாற்றியதே இல்லை. போன வாரம் சர்வீஸுக்கு விட்ட கடையில் ஒரு சின்னத் தகட்டைச் செயினுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "செயின் நீண்டுடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். சரி என்றேன். செயின் 950 ரூபாய், கூலி 150.

வினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. பழைய செயினில் முணுமுணுப்புகூட இல்லாமல் ஓடிய வண்டி, புதுசு போட்ட மறுநாளே மேடவாக்கம் மேம்பாலத்தில் 'டக்' என்று தாவியது. எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். கால் சறுக்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்து, பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

கடையில் கேட்டால் "ஓட ஓட செட் ஆகிடும்" என்கிறார்கள். 60 கி.மீ. ஓட்டிவிட்டேன், ஆகவில்லை. போலிச் செயினா? தவறான செயினா? நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துவிட்டார்களா? போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

#2 டபுள்ஸ்_மணி | சனி இரவு 9:52

7,200 கி.மீ. ஒரே செயினா! அதுக்கு நீங்க சண்டை போடக் கூடாது, மாலை போடணும்.

#3 கோவை_மிதி | சனி இரவு 10:15

சிரிப்பது இருக்கட்டும். சண்டைக்குப் போகும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

எந்தப் பின்பல்லில் தாவுகிறது? எல்லாவற்றிலுமா, சிலவற்றில் மட்டுமா?

தாவல் ஒரு கணக்கோடு வருகிறதா, தோன்றியபடி வருகிறதா? செயினில் ஒரு கண்ணி மட்டும் இறுகிப்போயிருந்தால் (ரிவெட் அடித்த இடத்தில் இது அடிக்கடி நடக்கும்) கணக்கோடு வரும். உங்கள் செயினில் 114 கண்ணி இருந்தால், பெடல் பக்கத்து 38 பல் செயின்வீலில் அது சரியாக மூன்று சுற்றுக்கு ஒருமுறை திரும்பி வரும். பெடலை எண்ணிக்கொண்டே மிதித்தால் தெரிந்துவிடும்.

சும்மா மெதுவாக மிதிக்கும்போதும் வருகிறதா, பாரம் கொடுத்தால் மட்டுமா? சும்மா மிதிக்கும்போதே கடகடவென்று பக்கத்துப் பல்லில் ஏற முயன்றால், அது கியர் கேபிள் டியூனிங். கொஞ்சம் திருகினால் தீரும்.

#4 ஞாயிறுமிதி | ஞாயிறு காலை 11:05

இன்று ரைடு போகாமல் இதையே பார்த்தேன். 13 பல்லிலும் 15 பல்லிலும் நிச்சயமாகத் தாவுகிறது. 18-இல் எப்போதாவது. 21-க்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் இல்லை. கணக்கு எதுவும் இல்லை, பாரம் கொடுத்தால் மட்டும்தான். சமதரையில் மெதுவாகப் போனால் தங்கம்.

நான் பெரும்பாலும் 38-13, 38-15-இல்தான் ஓட்டுவேன். மெட்ராஸில் ஏற்றம் எங்கே இருக்கிறது, மேம்பாலத்தைத் தவிர?

#5 கோவை_மிதி | ஞாயிறு காலை 11:30

அப்படியென்றால் விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. நீங்கள் அதிகம் ஓட்டிய பற்கள் மட்டும் தாவுகின்றன, தொடாத பற்கள் தாவவில்லை. செயினில் குறை இருந்தால் எல்லாப் பல்லிலும் வந்திருக்க வேண்டும். செயின் நல்லது, போனது கசெட், அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு.

பழைய செயின் தேயத் தேய அதன் கண்ணிக்குக் கண்ணி தூரம் கூடிக்கொண்டே போனது. அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி 13-ஐயும் 15-ஐயும் அதுவே குடைந்து வைத்துவிட்டது. இரண்டும் சேர்ந்தே தேய்ந்ததால் உங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பல வருடம் கூடவே வாழ்ந்த கணவன் மனைவி மாதிரி, ஒருவர் கோணலுக்கு மற்றவர் கோணல் பொருந்திப்போய்விட்டது. இப்போது நேராக ஒரு புது ஆள் வந்து நிற்கிறது.

தேய்ந்த பல்லைப் பாருங்கள், பாரம் தாங்கும் பக்கம் மட்டும் குடைந்து கொக்கி மாதிரி ஆகியிருக்கும். புது செயினின் ரோலர்களுக்கு இடையே தூரம் சரியான அளவில் இருக்கிறது, அதனால் அந்தக் கொக்கிக்குள் இறங்க முடியாது. பல்லின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். மெதுவாக மிதித்தால் தாக்குப்பிடிக்கும். எழுந்து நின்று மிதித்தால் நுனியைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழும். அந்த 'டக்' இதுதான்.

"ஓட ஓட செட் ஆகும்" என்று சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. புது செயினும் தேய்ந்து பழையபடி நீண்ட பிறகு செட் ஆகும்! அதாவது 950 ரூபாய் செயினைக் கெடுத்துத்தான் செட் ஆக்க வேண்டும். அதற்குள் உங்கள் முழங்கால் என்ன ஆகும் என்று தெரியாது.

கடையில் செய்த தவறு ஒன்றுதான். இவ்வளவு தேய்ந்த செயினைக் கழற்றும்போதே "கசெட்டும் போயிருக்கும், தாவலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

#6 ஞாயிறுமிதி | ஞாயிறு பகல் 12:10

புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. செயின் எஃகு. என் எடை 74 கிலோ. நான் மிதித்து எஃகு நீளுமா? அந்தக் கடைக்காரர் ரப்பர் பேண்ட் மாதிரி "நீண்டுடுச்சு" என்றபோதே எனக்குச் சந்தேகம்.

#7 ரிட்டயர்டு_ரிவெட் | ஞாயிறு மாலை 5:45

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் அம்பத்தூர் பக்கம் ஒரு செயின் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் ஊருக்கும் செயினுக்கும் பழைய உறவு உண்டு. அம்பத்தூரில் டிஐ, கோவையில் எல்ஜிபி என்று இரண்டு பக்கமும் செயின் செய்துகொண்டிருக்கிறோம். அதனால் இந்த இழையில் வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

எஃகுத் தகடு நீளவில்லை. உங்களைப்போல் பத்துப் பேர் தொங்கினாலும் ஒரு நல்ல சைக்கிள் செயின் அறுந்துவிடாது. தொழிற்சாலையிலேயே பாரம் கொடுத்து இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். தேய்மானம் நடப்பது மூட்டில்.

ஒரு கண்ணியைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தகடு இரண்டு, அவற்றைக் கோக்கும் ரிவெட். உள்தகடு இரண்டு, அவற்றின் துளையில் ஒரு சின்னக் குழல், அதன்மேல் சுழலும் ரோலர். செயின் பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ரிவெட் அந்தக் குழலுக்குள் கொஞ்சம் திரும்புகிறது. பாரத்தோடு திரும்புகிறது. அங்கேதான் உலோகம் உலோகத்தைத் தின்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணிக்குக் கண்ணி 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் ரோலர் செயினைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நம் தெருவில் ஓடும் செயினும் அடிப்படையில் அதேதான். ஒரு செயின் நூற்றுக்கு ஒன்று நீண்டிருக்கிறது என்றால், ஒவ்வொரு மூட்டிலும் தேய்ந்தது சுமார் 0.13 மி.மீ. தான். ஜெராக்ஸ் தாளின் தடிமனைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. ஆனால் 114 மூட்டுகள்! எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழுக் கண்ணியைவிட அதிகம். பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டால் கண்ணாலேயே தெரியும்.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த நீட்சி எல்லாக் கண்ணியிலும் சமமாக வராது. உள்கண்ணியில் இரண்டு குழலும் ஒரே தகட்டில் இறுகியிருப்பதால் அதன் தூரம் மாறாது, சாகும்வரை 12.7 தான். தேய்மானம் முழுவதும் வெளிக்கண்ணியின் கணக்கில் விழும். அதாவது ஒரு கண்ணி 12.7, அடுத்தது ஏறக்குறைய 12.95, மறுபடி 12.7. பல்சக்கரம் என்ன செய்யும், பாவம்? நீண்ட கண்ணியின் ரோலர் பள்ளத்தில் உட்காராமல் பல்மேல் ஏறி நிற்கும். ஏழெட்டுப் பல் பங்கிட்டுச் சுமக்க வேண்டிய பாரம் ஒன்றிரண்டு பல்லின் தலையில் விழும். அப்புறம் கொக்கி விழாமல் என்ன விழும்?

சின்னப் பல்சக்கரம் ஏன் முதலில் போகிறது என்றும் கேட்பீர்கள். 11 பல்லைச் சுற்றும்போது ஒவ்வொரு மூட்டும் ஏறக்குறைய 33 பாகை மடங்குகிறது, 32 பல்லில் 11 பாகைதான். மடங்குவதும் அதிகம், பாரத்தைப் பங்குபோடப் பற்களும் குறைவு.

கடைசியாக ஒன்று. ரிவெட்டின் மேல்தோல் மட்டும்தான் மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டது, உள்ளே மெதுவான எஃகு. அந்தத் தோல் இருக்கும்வரை தேய்மானம் நத்தை மாதிரி போகும். தோல் போனால் ஓட்டம்தான். "போன மாசம் பாத்தப்ப நல்லா இருந்துச்சே" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதற்குக் காரணம் இது.

#8 ஞாயிறுமிதி | ஞாயிறு மாலை 6:20

சார், இந்த ஒரு பதிவுக்கே நான் 950 கொடுத்திருப்பேன். பழைய செயின் கையில் இருக்கிறது. நல்லவேளை, கேட்டு வாங்கி வந்துவிட்டேன். எப்படி அளப்பது? கடையில் உள்ள அந்தத் தகட்டுக் கருவியை வாங்க வேண்டுமா?

#9 கோவை_மிதி | ஞாயிறு மாலை 6:40

வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஒரு அடி எஃகு ஸ்கேல் வாங்குங்கள். பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸ் பிளாஸ்டிக் ஸ்கேல் ஆகாது. நீளமும் போதாது, கோடும் நம்பும்படி இருக்காது.

செயினை ஆணியில் தொங்கவிட்டுக் கீழே லேசாக இழுத்துப் பிடியுங்கள். ஒரு ரிவெட்டின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். 24 கண்ணி எண்ணினால் புதுச் செயினில் அடுத்த ரிவெட்டின் நடு சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். தாண்டி நின்றால் எவ்வளவு என்று பாருங்கள்.

நம் கொத்தனார், ஆசாரி கணக்கிலேயே சொல்கிறேன், மறக்காது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. 12 அங்குலத்தில் அரை நூல் தாண்டினால் நூற்றுக்கு அரை தேய்மானம். ஒரு நூல் தாண்டினால் நூற்றுக்கு ஒன்று. 11, 12 கியர் வண்டிக்கு அரை நூலிலேயே மாற்ற வேண்டும். உங்களுடையது போன்ற 8 கியருக்கு முக்கால் நூல்வரை போகலாம். கியர் இல்லாத சாதா சைக்கிளுக்கு ஒரு நூல். ஒரு நூலைத் தாண்டிவிட்ட கியர் வண்டிக்குக் கசெட்டும் சேர்ந்து போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தகட்டுக் கருவிகளில் பலவற்றுக்கு ஒரு குறை உண்டு. இரண்டு முனையும் ரோலர்களை எதிரெதிர் பக்கம் தள்ளும். ரோலரின் ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும். புதுச் செயினிலேயே கொஞ்சம் தேய்ந்த மாதிரி காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ரோலர் ஆட்டத்தால் பல் தேயாது, ரிவெட் தேய்மானத்தால்தான் தேயும். ஸ்கேல் ரிவெட்டுக்கு ரிவெட் அளப்பதால் ஏமாற்றாது. ரோலர்களை ஒரே பக்கம் தள்ளி அளக்கும் மூன்று முனைக் கருவி வாங்கினால் அதுவும் சரி. விலைதான் கொஞ்சம் கூட.

#10 ஞாயிறுமிதி | திங்கள் இரவு 8:30

அளந்துவிட்டேன். மூன்று இடத்தில் அளந்தேன், மூன்றிலும் ஒரு நூலைத் தாண்டி மயிரிழை கூட. மில்லிமீட்டரில் 304.8 இருக்க வேண்டிய இடத்தில் 308.

ரிட்டயர்டு சார் சொன்னபடி புதியதோடு சேர்த்தும் பார்த்தேன். அதைக் கழற்றச் சோம்பல்பட்டு, வண்டியில் இருக்கும் புது செயினின் கீழ்வரிசை மேலேயே பழையதை வைத்து அழுத்தினேன். முதல் ஏழெட்டுக் கண்ணிவரை உரசாமல் கூடவே போகிறது, அப்புறம் மெல்ல விலகுகிறது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. மூன்று வருடம் இதைத்தான் மிதித்திருக்கிறேன்.

கடைக்காரரிடம் சண்டை போடும் திட்டம் கைவிடப்பட்டது.

#11 பழைய_ஹெர்குலிஸ் | திங்கள் இரவு 9:10

எல்லாம் சரி ஐயா. ஆனால் எங்கள் அப்பாவின் சைக்கிளில் இருபது வருடம் ஒரே செயின். தொளதொளவென்று ஆனால் கடைக்காரர் பின்சக்கரத்தை இழுத்து வைப்பார். அட்ஜஸ்டர் கடைசிவரை போய்விட்டால் இரண்டு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு, சக்கரத்தை மறுபடி முன்னால் தள்ளுவார். செயின்வீல் பல் ரம்பம் மாதிரி இருந்தது. ஒருநாள்கூடத் தாவியதில்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். இந்த நூல் கணக்கெல்லாம் அன்று யார் பார்த்தார்கள்?

#12 ரிட்டயர்டு_ரிவெட் | செவ்வாய் காலை 7:15

நல்ல கேள்வி. கண்ணி எடுத்தால் செயினின் மொத்த நீளம் குறையும், தேய்ந்த ஒவ்வொரு கண்ணியின் நீளம் குறையாது. தொளதொளப்பு போகும், தேய்மானம் அப்படியே இருக்கும். பல் ரம்பம் ஆனது அதனால்தான்.

தாவாததற்குக் காரணம் வேறு. அந்த வண்டியில் பின்னால் பதினெட்டு, இருபது பல். கியர் மாறுவதற்காகப் பல்லைச் சீவி வைக்காத முழு உயரப் பல். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும், ஸ்பிரிங்கில் ஆடும் டீரெய்லர் கிடையாது, செயினின் இழுப்பைச் சக்கரமே பிடித்து வைத்திருக்கிறது. ரோலர் மேலே ஏற வேண்டுமென்றால் அதற்குத் தேவையான தளர்ச்சியே கிடைக்காது. கியர் வண்டியில் டீரெய்லர் தாராளமாகத் தளர்ச்சி கொடுத்துவிடும்.

இன்னொன்று, அந்தச் செயின் அகலமானது, தனிக் குழல் வைத்தது. கியர் வண்டிச் செயினில் இப்போது, முதலில் நான் சொன்ன அந்தத் தனிக் குழல் கிடையாது. உள்தகட்டின் துளை விளிம்பையே மடித்துக் கழுத்தாக்கி வைத்திருப்பார்கள். அது பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும், எண்ணெய் உள்ளே எளிதாகப் போகும். மண்ணும் எளிதாகப் போகும்.

அப்பாவின் சைக்கிளில் முழுச் செயின் கவர் இருந்ததா?

#13 பழைய_ஹெர்குலிஸ் | செவ்வாய் காலை 7:40

இருந்தது! வேட்டி மாட்டாமல் இருக்க என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

#14 யாழ்_சில்லு | செவ்வாய் காலை 9:05

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். முழுக் கவர் போட்ட சைக்கிள் செயினைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். உள்ளே எண்ணெய் இன்னும் பொன்னிறமாக இருந்தது. திறந்த செயினில் ஒரு கிழமையிலேயே கறுத்துப் போகும். எங்கட வீதியோரச் செம்மண் பட்டால் கேட்கவே வேண்டாம்.

பெற்றோல் வராத காலத்தில் எங்களுக்குச் சைக்கிள்தான் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். அப்பா இரண்டு பிள்ளைகளையும் ஒரு மூட்டை நெல்லையும் வைத்து உழக்கினவர். புதுச் செயின் கிடைப்பது கஷ்டம் என்டபடியால், ஞாயிற்றுக்கிழமை என்றால் செயினைத் துடைப்பது ஒரு சடங்கு மாதிரி. எண்ணெயை விடத் துணிதான் முக்கியம் என்று சொல்லுவார். இன்றைக்கும் நான் அதைத்தான் செய்கிறேன்.

#15 ஞாயிறுமிதி | செவ்வாய் பகல் 1:20

துணி என்றதும் குற்ற உணர்ச்சி வருகிறது. நான் துடைத்ததே இல்லை. வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய், அதுவும் தாராளமாக. ஈசிஆர் போய் வந்தால் அதன்மேலேயே இன்னொரு கோட்டிங். இது தப்பா?

#16 கோவை_மிதி | செவ்வாய் பகல் 1:45

ஐயோ. இருங்கள், நிதானமாகத் திட்டுகிறேன்.

தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது. செயினில் போட்டால் ஈசிஆர் மணலைக் கூவிக் கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்தும் போகும். நாங்கள் இங்கிருந்து ஊட்டி ஏறுவோம், அங்கே உங்கள் செயினைக் கரண்டி வைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

துடைக்காத செயின்மேல் எண்ணெய் ஊற்றுவது அதைவிட மோசம். வெளியே இருக்கும் மணலை உள்ளே கழுவி அனுப்புகிறீர்கள். அந்தக் கறுப்புக் களிம்பு என்ன தெரியுமா? எண்ணெய், மணல், தேய்ந்த எஃகுப் பொடி. பைக் மெக்கானிக் வால்வு அரைக்க ஒரு கிரைண்டிங் பேஸ்ட் வைத்திருப்பாரே, ஏறக்குறைய அதே சரக்கு. அதை ரிவெட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மிதிக்கும்போதெல்லாம் அரைத்திருக்கிறீர்கள். 7,200 வந்ததே அதிசயம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செயினைத் துணிக்குள் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், துணியில் கறுப்பு குறையும்வரை. சைக்கிளுக்கென்று விற்கும் செயின் ஆயில் ரோலருக்கு ஒரு சொட்டு, கீழ்வரிசையின் மேல்பக்கத்தில். ஒரு சுற்று முழுக்க முடிந்ததும் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி துடையுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே பளபளக்கக் கூடாது. ராத்திரியே போட்டுவிடுங்கள். காலையில் கிளம்பும் நேரத்தில் போட்டால் தெறித்துப் பேன்டில்தான் படியும்.

மண்ணெண்ணெயில் ஊறவைப்பது பற்றிக் கேட்பீர்கள். அழுக்கு போகும். ஆனால் ரோலருக்குள் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் நீங்கள் விடும் எண்ணெயையும் அது கரைத்துவிடும். ஒரு இரவு முழுக்கக் காயவிட்ட பிறகே எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் போடுபவர்களும் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் நீர் மாதிரி இருப்பதால் இரண்டு நாளில் ஓடிப்போகும்.

#17 மெழுகு_மகேஷ் | செவ்வாய் மாலை 6:30

யாராவது மெழுகைப் பற்றிச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நான் இரண்டு வருடமாக எண்ணெயே தொடுவதில்லை. பாரஃபின் மெழுகை உருக்கி அதில் செயினை முக்கி எடுத்துத் தொங்கவிட்டுவிடுவேன். ஆறியதும் மெழுகு உள்ளே கெட்டியாக நிற்கும். மணல் ஒட்ட ஈரமே கிடையாது. செயினைத் தொட்டால் கையில் கறை படாது. 4,000 கி.மீ. தாண்டியும் கால் நூல்கூட நீளவில்லை.

#18 டபுள்ஸ்_மணி | செவ்வாய் மாலை 6:41

வந்துட்டாருய்யா.

#19 கோவை_மிதி | செவ்வாய் மாலை 7:00

மெழுகு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். முதலில் தொழிற்சாலை கிரீஸ் சொட்டுக்கூட இல்லாமல் செயினைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு ஒட்டாது. அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். மெழுகு தீப்பிடித்தால் விளையாட்டு இல்லை. ஒரு மழையில் நனைந்தால் அன்றே துடைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை துரு. ஐப்பசி, கார்த்திகையில் தாம்பரத்திலிருந்து தரமணி போகிறவர் தினமும் மெழுகு காய்ச்சிக்கொண்டிருக்க முடியுமா?

#20 மெழுகு_மகேஷ் | செவ்வாய் மாலை 7:12

மழைக்காலத்தில் நான் ஓட்டுவதில்லை.

#21 கோவை_மிதி | செவ்வாய் மாலை 7:13

அதுதானே பார்த்தேன்.

#22 ஸ்கார்பரோ_செல்வா | செவ்வாய் இரவு 10:50

இடையில் ஒரு விசித்திரம். டொரொன்டோவில் பனிக்காலத்தில் பெரும்பாலும் வீட்டு நிலவறையில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெயினரில்தான் மிதிக்கிறேன். வீதியில் ஓட்டும் சைக்கிளில் உப்புத் தண்ணீர் பட்டு ஒரே சீசனில் செயின் முடிந்துவிடுகிறது. பனி உருக வீதி முழுக்க உப்புத்தானே கொட்டுகிறார்கள். டிரெயினரில் அதே கால்கள், அதே வலு, ஆனால் செயின் பல மடங்கு காலம் வருகிறது. மிதிப்பதால் தேய்வதைவிட மண்ணும் உப்பும்தான் தின்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

#23 கணக்குப்பிள்ளை | புதன் காலை 10:20

எல்லோரும் அரை நூலில் மாற்று, முக்கால் நூலில் மாற்று என்கிறீர்கள். நான் எதிர்க்கட்சி. கணக்குப் போடுங்கள்.

8 கியர் செயின் 950, கசெட் 1,600 என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காக அளந்து 3,000 கி.மீ.க்கு ஒருமுறை செயினை மாற்றுகிறேன். மூன்று செயினுக்கு ஒரு கசெட் என்றால் 9,000 கி.மீ.க்கு 2,850 கூட்டல் 1,600, ஆக 4,450. எதையும் பார்க்காமல் ஒரே செயின், ஒரே கசெட் என்று ஓட்டி இரண்டையும் ஒன்றாகத் தூக்கிப் போட்டால்? நம் நண்பர் 7,200 ஓட்டிவிட்டார், பழைய செயினைக் கழற்றியிராவிட்டால் இன்னும் ஓட்டியிருப்பார். 9,000-இல் இரண்டையும் மாற்றினால் 2,550. பாதிக்குக் கொஞ்சம்தான் கூட. செத்தால் சேர்ந்தே சாகட்டும் என்பது சோம்பேறித்தனம் இல்லை, சிக்கனம்.

#24 ரிட்டயர்டு_ரிவெட் | புதன் பகல் 12:00

கணக்குப்பிள்ளை சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன். 7, 8 கியர் வண்டிக்கு, அதிலும் கசெட்டுக்குப் பதில் ஃபிரீவீல் வைத்த மலிவு வண்டிக்கு, அது ஒரு நேர்மையான வழி. ஆனால் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. செயின்வீல். செயின் அந்த அளவுக்கு நீண்டால் முன்னால் 38-உம் சுறாத் துடுப்பு மாதிரி ஆகும். அப்புறம் செயின் கீழே விடுபடாமல் பல்லோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறி ஃபிரேமில் சிக்கும். பல மலிவு வண்டிகளில் செயின்வீல் பெடலைத் தாங்கும் கிராங்கோடு சேர்த்து ரிவெட் அடித்தது, தனியாக மாற்ற முடியாது. முழுக் கிராங்க் செட் வாங்க வேண்டும். அந்த விலையையும் சேர்த்துப் போடுங்கள்.

11, 12 கியர்க்காரர்கள் இந்த வழியை நினைத்தும் பார்க்க வேண்டாம். அங்கே கசெட் விலை நம் நண்பர் வண்டியின் விலையில் ஒரு பங்கு இருக்கும்.

#25 கணக்குப்பிள்ளை | புதன் பகல் 12:25

கிராங்க் செட்டைச் சேர்த்தால் என் கணக்கு உதைக்கிறது. ஆனால் முன்பல் நிறைய, மெதுவாகத்தான் தேயும். முதல் சுற்றுக்குத் தாங்கும் என்பது என் கட்சி. இரண்டாவது சுற்றுக்கு வாக்குறுதி தரமாட்டேன்.

#26 ஞாயிறுமிதி | புதன் இரவு 9:00

எனக்கு இப்போது இரண்டு வழி. பழைய செயினையே மறுபடி மாட்டி, கணக்குப்பிள்ளை வழியில் எல்லாம் சேர்ந்து சாகும்வரை ஓட்டுவது. அல்லது கசெட் வாங்குவது. குயிக் லிங்க் (எளிதாகக் கழற்றி மாட்டும் கண்ணி) இருப்பதால் பழையதை மாட்டிப் பார்த்தேன். மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தேன். ஒரு தாவல்கூட இல்லை! கோவை அண்ணா சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் கசெட் வாங்க முடிவு செய்துவிட்டேன். முன்னால் 38 எப்படி இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

#27 கோவை_மிதி | புதன் இரவு 9:20

புதுச் செயினை மாட்டி 38-இல் போடுங்கள். செயின்வீலின் முன்முனையில், அதாவது கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடத்தில், செயினை விரலால் முன்னோக்கி இழுங்கள். லேசாக அசைந்தால் நல்லது. பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்கு எழுந்து வந்தால் போய்விட்டது. தேய்ந்த செயினோடு இந்தச் சோதனை செய்தால் செயினின் குறையைப் பல்லின் தலையில் போட்டுவிடுவீர்கள், கவனம்.

அப்படியே டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களையும் பாருங்கள். பல் ஊசி மாதிரி ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான்.

#28 ஞாயிறுமிதி | வியாழன் இரவு 8:10

38 பிழைத்தது. அரை மில்லிமீட்டர் அசைகிறது, அவ்வளவே. 48 புத்தம்புதுசு, தொட்டதே இல்லை. சின்னச் சக்கரத்தில் ஒன்று ஊசிதான்.

கசெட் வந்துவிட்டது. கசெட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங் வளையத்தைக் கழற்றும் சாதனமும் வாங்கினேன். ஆனால் கசெட்டைச் சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஒரு செயின் சாட்டை வேண்டுமாம், அதற்கு 700 கேட்கிறார்கள். வாழ்க்கையில் நான்கு முறை பயன்படுத்தப் போகும் பொருளுக்கு 700 மனசு வரவில்லை. கடைக்கே போய்விடட்டுமா?

#29 யாழ்_சில்லு | வியாழன் இரவு 8:35

பழைய செயினை எறிந்துவிட்டீர்களோ?

#30 ஞாயிறுமிதி | வியாழன் இரவு 8:36

இல்லை, பால்கனியில் தொங்குகிறது.

#31 யாழ்_சில்லு | வியாழன் இரவு 8:50

அப்ப சாட்டை வீட்டிலேயே இருக்கு. ஒன்றரை அடி நீளத்தில் ஒரு இரும்புப் பட்டை எடுங்கோ. செயினில் ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு முனையின் ரிவெட்டைத் தள்ளிவிட்டு, அந்த ஓட்டைக்குள்ளால 3 மி.மீ. போல்ட் விட்டுப் பட்டையோடு முறுக்குங்கோ. முதல் கண்ணிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கண்ணித் துண்டை அப்படியே இன்னொரு போல்டில் இறுக்கினால் பல்லைக் கவ்வப் பிடி கிடைக்கும். பெரிய பல்லில் சுற்றிப் பிடியுங்கோ, சின்னனில் வேண்டாம்.

#32 ஞாயிறுமிதி | சனி மாலை 5:30

முடிந்தது. இரும்புப் பட்டை பழைய சாமான் கடையில் 40 ரூபாய், போல்ட் 10. ஒரு நூல் நீண்ட செயின் தேயாத பல்லில் சரியாக உட்காராது என்று நினைத்தேன், ஆனால் 28 பல்லில் ஏறிக்கொண்டு அட்டையாகக் கவ்வியது. லாக்ரிங் 'கிர்ர்ர்' என்று கத்திக்கொண்டே கழன்றபோது கீழ்வீட்டு மாமி ஏதோ உடைந்துவிட்டது என்று மேலே வந்துவிட்டார்.

கழற்றிய கசெட்டில் 13-ஐயும் 24-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 24 இன்றைக்கு வாங்கியது மாதிரி இருக்கிறது. 13-இன் ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கம் சாய்ந்து அலை மாதிரி நிற்கிறது.

புதுக் கசெட், புது செயின், புதுச் சின்னச் சக்கரம். மேம்பாலம் இரண்டு தடவை ஏறி இறங்கினேன், 13-இல், எழுந்து நின்று. சத்தமே இல்லை. வீட்டுக்கு வந்து துணியும் வாங்கி வைத்தாயிற்று, யாழ் அண்ணா. அம்மாவின் பழைய காட்டன் புடவை, கேட்டுத்தான் கிழித்தேன்.

#33 டபுள்ஸ்_மணி | சனி மாலை 5:48

தேங்காய் எண்ணெய் பாட்டில் எங்கே?

#34 ஞாயிறுமிதி | சனி மாலை 5:50

குளியலறையில்.